காபி வேண்டாம் என்கிற விருந்தாளி

பாளையங்கோட்டையில் யார் வீட்டுக்காவது போய், "காபி வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

"ஏன், சுகர் இருக்கோ?"

"இல்லை."

"அப்போ டீ போடட்டுமா?"

"டீயும் குடிக்கிறதில்லை. எங்க சபையில கூடாது."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் முகம் இந்த இடத்தில் லேசாகச் சுருங்கும். சர்க்கரை நோய்க்காக விலக்கினால் அனுதாபம் கிடைக்கும். மதத்துக்காக விலக்கினால், 'எங்க வீட்டுக் காபியில என்ன பாவத்தைக் கண்டுட்டாவ?' என்ற பேச்சு அடுப்படி வரைக்கும் போகும்.

காபி, டீ, மது, புகையிலை நான்கையும் விலக்கிவைத்த சபை ஒன்று உண்டு. உலகம் அவர்களை மார்மன்கள் என்கிறது. அவர்கள் தங்களைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று சொல்லிக்கொள்கிறார்கள். உலகம் முழுக்க ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். இவ்வளவு பேர் இருந்தும், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாரின் எரிச்சலுக்கு அவர்கள் ஆளாகிவருகிறார்கள். அதற்கான காரணத்தைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் நாமே அதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

பத்தில் ஒன்று போக...

1830-இல் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் இந்தச் சபையைத் தொடங்கினார். தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்தது என்று சொல்லி, 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டார். அப்போஸ்தலர்களுக்குப் பிறகு உண்மையான சபை பூமியிலிருந்து மறைந்துவிட்டது, அதைக் கடவுள் தம் மூலம் மீட்டுத் தந்திருக்கிறார் என்பது அவர் வாதம். ஆக, இடைப்பட்ட காலத்தில் எழுந்த சபைகள் எல்லாம் அதிகாரம் இழந்தவை. மற்ற கிறிஸ்தவர்களுக்கு முதலில் சுருக்கென்று தைப்பது இதுதான். பிதாவுக்கும் சரீரம் உண்டு என்பது அவர்களின் இன்னொரு நம்பிக்கை. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் வத்திக்கான் அறிவித்தது. பிற சபைகளின் ஞானஸ்நானத்தை மார்மன்களும் ஏற்பதில்லை.

நம்பிக்கை இப்படி என்றால், நடைமுறை இன்னும் கடினம். வருமானத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இளைஞர்கள் இரண்டு ஆண்டு ஊழியத்துக்குப் போக வேண்டும். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் நடப்பவர்கள் இவர்கள்தான். ஆலயத்துக்குள் போக மேய்ப்பரின் நேர்காணலில் தேறி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவர் உள்ளே வர முடியாது. மகளின் திருமணம் உள்ளே நடக்கும்போது, சபையில் சேராத பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள். நம் ஊரில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தின் வாசலில் பெண்ணின் அப்பாவை நிறுத்திவைத்துவிட்டு எந்த உறவும் பந்தியில் கைநனைக்காது.

இறந்துபோனவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் தர்ப்பணம் கொடுப்பவருக்கு, முன்னோருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற இந்தத் தவிப்பு புரியும். ஆனால் தர்ப்பணம் முன்னோரின் மதத்தை மாற்றுவதில்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களிலும் இந்த ஞானஸ்நானம் நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது யூதர்கள் கொதித்தெழுந்தார்கள். அதை நிறுத்துவதாக 1995-இல் சபை ஒப்புக்கொண்டது.

மெட்ராஸில் ஓராண்டு

மார்மன்களுக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியர் மெட்ராஸில் வந்து இறங்கினார். பத்திரிகைகூட நடத்தினார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், பலதார மணம் தங்கள் கோட்பாடு என்று மார்மன் சபை பகிரங்கமாக அறிவித்திருந்தது. அவருக்கு முன்பே அந்தச் செய்தி கப்பலேறி வந்துவிட்டது. வேறு எதைப் பேசினாலும் கேட்பவர்கள் அதிலேயே வந்து நின்றார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் சேர்ந்தார்கள். ஓராண்டில் அவர் திரும்பிப் போனார்.

பலதார மணத்தை 1890-இல் சபை கைவிட்டது. கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் கிடையாது என்ற தடை 1978 வரை நீடித்தது. தமிழ்நாட்டில் சபை மறுபடி வேர்விட்டது 1960-களில், கோயம்புத்தூரில், எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் மூலமாக. மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் 1982-இல் தமிழில் வந்தன. பெங்களூருவில் ஆலயம் கட்டப்போவதாக 2018-இல் அறிவித்தார்கள்.

பிரகாசபுரத்தின் சனிக்கிழமை

பாலன்டைன் கப்பலேறி மூன்று ஆண்டுகள் கழித்து, 1857-இல், நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் ஒரு தமிழர் தனிச்சபை தொடங்கினார். பெயர் அருமைநாயகம், ஊருக்குச் சட்டாம்பிள்ளை. மிஷனில் உபதேசியாராக இருந்து, ஐரோப்பிய மிஷனரியோடு மோதி வேலையிழந்தவர். நாடார் சமூகத்தைத் தாழ்த்தி மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849-இல் எழுதிய ஆங்கில நூல் அவருடைய கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அவர் தொடங்கியது இந்து கிறிஸ்தவ சபை. வெள்ளைக்காரப் பாதிரியும் வேண்டாம், வெளிநாட்டுப் பணமும் வேண்டாம்.

ஜோசப் ஸ்மித்தை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. இருந்தும் இருவர் போன வழியும் ஒன்றுபோலவே இருக்கிறது. நடைமுறையில் இருந்த கிறிஸ்தவம் கெட்டுப்போய்விட்டது என்று இருவருமே முடிவு கட்டினார்கள். பழுதை நீக்கப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே ஆபிரகாமின் பல மனைவிகளை ஸ்மித் கண்டார். ஓய்வுநாளையும் தீட்டு விதிகளையும் அருமைநாயகம் கண்டார். ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை ஆராதனை. தரையில் உட்கார்ந்து, சாஷ்டாங்கமாக விழுந்து, சாம்பிராணி போட்டு வழிபாடு. இராப்போஜனத்துக்குப் புளிக்காத திராட்சைச் சாறு. பெண்களின் தீட்டு நாட்களுக்குத் தனி விதிகள்.

சனிக்கிழமை என்பது கேட்கச் சின்ன விஷயம். பனங்காட்டில் அது சின்ன விஷயமில்லை. பனை ஓய்வுநாள் பார்க்காது. பாளையை நாள் தவறாமல் சீவினால்தான் பதநீர் இறங்கும். ஒரு நாள் விட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஊர் சந்தைக்குப் போகிற நாளில் இவர்கள் வேலையை விட்டுவிட்டு ஜெபத்தில் இருப்பார்கள். ஊர் கோயிலுக்குப் போகிற நாளில் இவர்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். ஒரே தெரு, ஒரே சொந்தம், இரண்டு காலண்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் பிரகாசபுரத்துக்கு வந்து சேர்ந்ததும் இந்தச் சனிக்கிழமையின் ஈர்ப்பால்தான்.

வெள்ளுடுப்பும் வெறுங்கழுத்தும்

நெல்லைச் சீமையில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி கொழும்பிலிருந்து வந்தது. 1920-களில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொழிலும் சொந்தமும் கலந்திருந்த மாவட்டத்தில் எளிதாக நுழைந்தது. அதன் ஊழியர்கள் மணமுடிக்காமல், சொத்து வைத்துக்கொள்ளாமல், வெள்ளுடுப்பில் விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். நோய்க்கு மருந்தை நாடாமல் ஜெபத்தையே நம்பு என்பது போதனை. விசுவாசிகளுக்கு நகை கூடாது.

நகைதான் வீடுகளை உலுக்கியது. சிறுவாடு சேர்த்து, சீட்டுக் கட்டி, அம்மா வாங்கிப் போட்ட கம்மலையும் செயினையும் மகள் ஒரு நாள் கழற்றி மேஜை மேல் வைக்கிறாள். தாலியும் அதோடு இறங்குகிறது. அடுத்த கல்யாண வீட்டில் அவள் காதுத் துளைகள் எல்லார் கண்ணிலும் படும். 'புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில இது என்ன கோலம்?' என்று பெரியம்மாக்கள் கேட்பார்கள். அவள் மனதில் அது விடுதலை. நகையில்லாத ஏழைப் பெண்ணுக்குச் சபையில் அவளோடு சமமாக உட்காரவும் முடிகிறது. அம்மாவுக்கோ, இருபது வருஷத்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிய சேமிப்பை மகள் பாவம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் இந்தச் சண்டை தீர்வதில்லை.

பிதாவுக்குச் சரீரம் உண்டா என்பதற்காகத் தெருவில் யாரும் அடித்துக்கொள்வதில்லை. கொள்கை மனதுக்குள் இருக்கும்வரை உறவுக்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பந்தியில் உட்கார மறுக்கும்போது, சாவு வீட்டுச் சடங்கில் தள்ளி நிற்கும்போது, போட்ட நகையைக் கழற்றித் தரும்போது, 'உங்க வாழ்க்கை தப்பு' என்ற தீர்ப்பு சொல்லாமலே சொல்லப்படுகிறது. அந்தத் தீர்ப்புதான் காயம்.

தாத்தா செய்ததும் அதுதான்

வெள்ளுடுப்புச் சபையைப் பற்றிச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் கேட்கும் அதே குறையை, அந்தக் குடும்பங்களின் மூதாதையர்களைப் பற்றி ஊர் ஒரு காலத்தில் சொன்னது. அம்மன் கொடைக்கு வரி தர மாட்டோம், படையல் சோறு சாப்பிட மாட்டோம், தேர் இழுக்க வர மாட்டோம் என்று அன்றைய புதுக் கிறிஸ்தவர்கள் நின்றார்கள். ஊரின் பார்வையில் அது வெறும் மதமாற்றமாகத் தெரியவில்லை. மழைக்கும் விளைச்சலுக்கும் ஊரே சேர்ந்து செய்யும் காரியத்திலிருந்து கைகழுவுவதாகத் தெரிந்தது. வீடுகள் இடிக்கப்பட்டன. ஒதுங்கி வாழ 1799-இல் சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர் உருவானது. 1840-களில் விபூதி சங்கம் என்ற பெயரில் எதிர்ப்பு அமைப்பாகவே திரண்டு, கலவரம் வரை போனது. அந்தப் பிடிவாதத்தில் பிறந்த ஊர்கள்தான் இன்று அசனப் பண்டிகைக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, அந்தப் பந்தியில் உட்காராத பெந்தெகொஸ்தே உறவினரைப் பார்த்து முகம் சுளிக்கின்றன.

மார்மன்களின் கதையும் இதே மாதிரிதான். அவர்களை அடித்து விரட்ட 1838-இல் மிசௌரி ஆளுநர் ஆணையே போட்டார். 1844-இல் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் சுட்டுக் கொன்றது. ஓடிப்போய் யூட்டாவில் அவர்கள் பெரும்பான்மை ஆனதும், அங்கே சபையை விட்டு விலகுபவர்கள் தனித்துப்போனார்கள். துன்பப்பட்டவர்களுக்குப் பிறர் துன்பம் தானாகப் புரிந்துவிடும் என்று எந்த ஊரிலும் உத்தரவாதம் இல்லை.

கோடு எங்கே?

1985-இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற சபையினரின் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றாலும் வாய் திறந்து பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்று பார்க்கவில்லை; அதை அவர்கள் மனதார நம்புகிறார்களா என்றுதான் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இந்த அளவுகோல் போதும். வளர்ந்த ஒருவர் காபியை விடலாம், நகையை விடலாம், சம்பளத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கலாம். நமக்குப் பிடிக்கவில்லை என்பது அதைத் தடுக்கக் காரணமாகாது.

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்தை மறுப்பது வேறு. அங்கே சுமை நம்பியவரின் முதுகில் இல்லை, கேட்க வாய் இல்லாதவரின் முதுகில் இருக்கிறது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சிக்கலான இடம்: வாசல். உள்ளே வருபவருக்கு எத்தனை விதி வேண்டுமானாலும் போடட்டும். வந்தவர் ஒரு நாள் வேண்டாம் என்று எழுந்தால், அவருக்கு அம்மா மிஞ்சுவாளா, வேலை மிஞ்சுமா, கல்லறைத் தோட்டத்தில் இடம் மிஞ்சுமா? மார்மன் திருமண விதியில் 2019-இல் ஒரு தளர்வு வந்தது. எல்லாரும் பார்க்கப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஓராண்டு காத்திராமல் ஆலயச் சடங்குக்குப் போகலாம். வெளியே நின்ற பெற்றோரின் கண்ணீருக்கு ஒரு சபை செவிகொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அதே கேள்வியைச் சி.எஸ்.ஐ.யிடமும் வெள்ளுடுப்பிடமும், குலதெய்வக் கொடைக்கு வராத பங்காளியை ஒதுக்கிவைக்கும் குடும்பங்களிடமும் கேட்கலாம். மகள் வேறு சபைக்குப் போனால், அல்லது எந்தச் சபையும் வேண்டாம் என்றால், அடுத்த பண்டிகைக்கு அவளைக் கூப்பிடுவீர்களா? இதற்குத் தயங்காமல் ஆமாம் சொல்ல முடிந்தவர்கள் மட்டும் மார்மன்களைக் குறை சொல்லட்டும்.