ஐஸ்லாந்தின் பனிச்சுவரில்

குளிர் என்றால் எங்களுக்கு நுவரெலியாதான். ஜனவரி மாதத்தில் அங்கே இரண்டு நாள் தங்கி வந்தால் ஊரில் ஒரு வாரம் அதைப் பற்றியே கதைப்போம். அப்படிப்பட்ட நான் 2023 செப்டெம்பரில், ஐஸ்லாந்து நாட்டில், ஒரு பனிச்சுவரின் நடுவே கயிற்றில் தொங்கினேன் என்றால் வாசகிகள் நம்பச் சிரமப்படுவீர்கள். என் மனைவியே படத்தைக் காட்டும்வரை நம்பவில்லை.

லண்டனில் இருக்கும் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவரது மகளுக்கு ஐஸ்லாந்து பார்க்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. அங்கிருந்து மூன்று மணி நேர விமானப் பயணம்தான். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. “மாமா கூட வருவதென்றால் போய் வா” என்று சொல்லிவிட்டார். பிள்ளை பனிச்சுவர் ஏறவும் பணம் கட்டியிருந்தாள் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

“இது பெண்பிள்ளைகள் செய்கிற வேலையா?” என்று கேட்டேன்.

“நமக்குப் படித்துத் தரப் போகிறவரே ஒரு பெண்தான், மாமா.”

“சரி, நான் கீழே நின்று பார்த்துக் கொள்கிறேன்.”

“உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன்” என்றாள்.

தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தூரத்தில் சோல்ஹெய்மயோகுல் என்ற பனியாறு இருக்கிறது. பனியாறு என்றால் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. மலையுச்சியில் பல காலமாக விழுந்த பனி தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மிக மெதுவாகப் பள்ளத்தை நோக்கி நகர்ந்து வருவது. மேலே இருக்கும் பெரிய பனிப்படலத்தின் கீழே கட்லா என்னும் எரிமலை படுத்திருக்கிறது. 1918இல் அது பெரிதாக வெடித்தது. பக்கத்திலுள்ள இன்னொரு எரிமலை 2010இல் வெடித்தபோது ஐரோப்பாவின் பெரும்பாலான விமானங்கள் நின்று போனது பலருக்கு ஞாபகமிருக்கும். அந்தச் சாம்பல்தான் பனிக்குள் கறுப்புக் கறுப்பாகப் படிந்து கிடக்கிறது. வெள்ளை வெளேரென்று இருக்கும் என நினைத்துப் போன எனக்கு, தூரத்திலிருந்து பார்த்தபோது விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிப்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. கிட்டப் போய் வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் நீல நிறம். பனி இறுகும்போது காற்றுக் குமிழிகள் நசுங்கிப் போகின்றன. ஆழமான பனிக்கட்டி ஒளியிலுள்ள சிவப்பை விழுங்கி நீலத்தை வெளியே விடுகிறது.

சப்பாத்துக்கு அடியில் கிரம்பன் என்ற இரும்புப் பற்களைக் கட்டினார்கள். இடுப்புக்கும் தொடைக்கும் வார்ப்பட்டி, தலைக்கு ஹெல்மட், இரண்டு கைகளிலும் இரண்டு பனிக்கோடரிகள். மருமகள் ஹெல்மட்டுக்குள் அடங்கும்படி மெல்லிய முக்காடொன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முந்திய நாளே யோசித்து வைத்திருக்கிறாள், கள்ளி! காலை அகட்டி வைத்து நடக்க வேண்டுமாம். நெருக்கி நடந்தால் பற்கள் காற்சட்டையில் மாட்டி விழுத்திவிடும்.

எங்கள் ஆசிரியை சுவரின் பக்கவாட்டால் சுற்றி மேலே போய், உள்ளே துளையுள்ள நீண்ட திருகாணிகளைப் பனிக்குள் முறுக்கி இறக்கி, அவற்றில் கயிற்றை மாட்டிக் கீழே விட்டார். ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்பில். மறுமுனை கீழே நிற்கும் ஆசிரியையிடம். ஏறுகிறவர் வழுக்கினால் கயிறு உடனே பிடித்துக்கொள்ளும்.

சுவர் நாலு மாடி வீட்டின் உயரம் இருக்கும். மருமகள்தான் முதலில் ஏறினாள். பாதி உயரத்தில் அவள் கோடரியைக் கொத்தியதும் பீங்கான் தட்டளவு துண்டொன்று கழன்று, அவளது தோளில் பட்டுக் கீழே விழுந்து சிதறியது. “ஐஸ்!” என்று ஆசிரியை கத்தினார். “போதும், இறங்கு!” என்று நானும் கத்தினேன். ராத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆசிரியை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “புடைத்த இடத்தில் கொத்தாதே, குழிந்த இடத்தைப் பார்” என்று அவளுக்கு மட்டும் சொன்னார். அவள் சற்று நின்றாள், மூச்சு வாங்கினாள், கோடரியை ஒரு சாண் தள்ளிக் கொத்தினாள். இம்முறை நன்றாகப் பிடித்தது. மேலே போய்க் கையசைத்தாள்.

அதன் பிறகு ஏறமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறவன் நான். சொல்வதைக் காது கொடுத்துக் கேள் என்று எத்தனை பேரை ஏசியிருப்பேன்! அன்று நான் எதையும் கேட்கவில்லை. கோடரிகளை இறுக்கிப் பிடித்து, தென்னை மரம் ஏறுகிறவனைப் போலக் கையாலேயே உடம்பை இழுத்தேன். மூன்று மீற்றர் போவதற்குள் முழங்கை கல்லானது. கைகள் தலைக்கு மேலேயே இருப்பதால் இரத்தம் வடிந்து விரல்கள் மரத்துப் போயின. பயத்தில் குதிகாலை உயர்த்தினேன். முன்பற்கள் பனியைச் சீவிக்கொண்டு நழுவின. விழுந்தேன்.

விழுந்தது ஒரு சாணும் இராது. கயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஒரு சாணில் என் பிள்ளைகள் நால்வரின் முகமும் வந்து போனது.

“மாமா, கால்! காலில் நில்லுங்கள்! குதிகாலைக் கீழே விடுங்கள்!” என்று கீழேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்.

கேட்டுப் பார்த்தேன். முன்பற்கள் இரண்டும் பனியில் பதியும்படி உதைத்து, குதிகாலைத் தாழ்த்தி, கால் மேல் எழுந்து நின்றேன். பாரம் முழுவதும் தொடைக்கு இறங்கியது. கோடரி சும்மா தாங்கிக்கொள்ளத்தானாம். ஆண்கள் பெரும்பாலும் கையை நம்பித்தான் களைத்துப் போவார்கள் என்று ஆசிரியை பிறகு சொன்னார். உச்சிக்கு நான் போகவில்லை. முக்கால்வாசி போனேன், அது போதும்.

இறங்குவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். கோடரியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்வது போல வெறும் காற்றில் பின்னால் சாய வேண்டும். பிஸ்மில்லாஹ் என்று சாய்ந்தேன். கண்ணைத் திறந்தபோது கால் தரையில் இருந்தது. விரல்களில் இரத்தம் திரும்பி ஓடியபோது வந்த வலியில் கண்ணில் நீர் நிறைந்தது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பும் வழியில், பனியாற்றின் முன்னால் ஒரு குளம். ஒரு காலத்தில் அந்த இடமும் பனிதான். 1990களின் நடுப்பகுதி முதல் இந்தப் பனியாறு பின்வாங்கிக்கொண்டே போகிறது. ஹ்வோல்ஸ்வொல்லூர் என்ற ஊரின் பாடசாலைப் பிள்ளைகள் 2010 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வந்து, அது எவ்வளவு தூரம் சுருங்கியிருக்கிறது என்று அளந்து எழுதி வைக்கிறார்கள். இதைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். பாடசாலை விட்டுப் போய்ப் பல வருடத்தின் பின் இங்கே வருகிற பிள்ளைக்கு, தான் அளந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கும். நாங்கள் ஏறிய சுவரும் சில வாரங்களில் உருகி வேறு வடிவமாகிவிடும் என்றார் ஆசிரியை.

இரவு மச்சான் தொலைபேசியில் வந்தார். எனக்கோ தேநீர்க் கோப்பையையே தூக்க முடியவில்லை, மருமகள்தான் தொலைபேசியை என் காதருகில் பிடித்திருந்தாள்.

“பிள்ளை பயந்து போனாளா?” என்று கேட்டார்.

“அவள் பயப்படவில்லை மச்சான்” என்றேன். மற்றதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.