நீர்மட்டத்திற்குக் கீழே: நீர்மூழ்கிக் கப்பல் மாதிரிகளின் அடியுடல்

கப்பல் மாதிரி செய்வோரிடம் ஒரு வழக்கம் உண்டு. மேல்தளம், கோபுரம், கொடிக்கம்பம் ஆகியவற்றில் நாட்கணக்காக உழைப்பார்கள். நீர்மட்டத்திற்குக் கீழே உள்ள பாகத்திற்கு ஒரே நிறத்தைப் பூசி வேலையை முடித்துவிடுவார்கள். சரக்குக் கப்பலாயின் இதனால் பெருங்குறை நேராது. நீர்மூழ்கிக் கப்பலுக்கோ அடியுடலே உடல்.

நாம் முதலில் செய்த நீர்மூழ்கி மாதிரியை ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி ஒருவரிடம் பெருமையுடன் காட்டினோம். அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை. மாதிரியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். "இது எப்படித் தம்பி மூழ்கும்?" என்று கேட்டார். அடிப்பக்கம் கத்தரிக்காயைப் போல வழுவழுப்பாக இருந்தது. ஒரு துளைகூட இல்லை.

அக்கேள்வியின் பொருளை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். நீர்மூழ்கியின் நடுவே, ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான உருளை ஒன்று உண்டு. மாலுமிகள் வாழ்வதும் பொறிகள் இயங்குவதும் அதனுள்ளேதான். அதன் புறத்தே நிலைப்பாட்டுத் தொட்டிகள் அமைந்திருக்கும். மூழ்கவேண்டிய நேரத்தில் தொட்டிகளின் உச்சியிலுள்ள காற்றுவழிகளைத் திறப்பார்கள். காற்று மேலே வெளியேற, அடியிலுள்ள வாய்களின் வழியே கடல்நீர் உட்புகும். மீண்டும் எழவேண்டுமாயின் மேல்வழிகளை மூடி, அழுத்திய காற்றை உள்ளே செலுத்துவார்கள். நீர் வந்த வழியே வெளியேறும். ஆகவே அடியிலுள்ள அவ்வாய்களை வெறும் அலங்காரம் என்று எண்ணலாகாது. ஒரு கப்பல் நிறைந்த மனிதர் மீண்டும் வெளிச்சத்தைக் காண்பது அவற்றையும் பொறுத்தது.

மேல்தள உறையின் பக்கங்களில் காணும் துளை வரிசை வேறு. தளத்திற்கும் உருளைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் நீர் தடையின்றி வந்து போவதற்காக அவை அமைந்தவை. மாதிரி செய்வோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, மேல்வரிசையை வெட்டிவிட்டு அடிவாய்களை மறந்துவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம் எங்கே கண்டு அறிவது? கடலில் எடுத்த படங்கள் உதவா. அவை நீருக்கு மேலுள்ளதையே காட்டும். உலர்துறையில் எடுத்த படங்கள் அரியவை. ஆயினும் நம் நாட்டிலேயே ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து, 2001 பிப்ரவரியில் பணி ஓய்வு பெற்ற 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கி, 2002 முதல் விசாகப்பட்டினத்தின் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. சோவியத் நாட்டில் கட்டப்பட்ட இக்கப்பலின் நீளம் சுமார் 91 மீட்டர். நீரில் மறைந்திருந்த உடல் இப்போது வெயிலில் கண்முன் நிற்கிறது. உள்ளே சென்று பார்ப்போர் பலர். வெளியே நின்று அடிவயிற்றைக் கூர்ந்து பார்ப்போர் சிலரே. ஜெர்மனியில் கீல் நகரருகே லாபோவில் யூ-995 என்னும் நீர்மூழ்கியும் இவ்வாறே 1972 முதல் கரையில் நிற்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கரையேறிய கப்பல்களில் தகடுகள் மாற்றப்பட்டிருக்கலாம்; பார்வையாளருக்காக வாயில்கள் வெட்டப்பட்டிருக்கலாம்; பூச்சோ பிற்காலத்தது. வடிவத்தை அவற்றினின்று கற்கலாம். நிறத்தைக் கற்பது தகாது.

நிறத்தைப் பற்றி மேலும் ஒரு சொல். கப்பலின் அடி என்றாலே சிவப்பு என்று பலர் நம்புகின்றனர். செப்புச் சேர்மங்கள் கலந்த, கடற்பாசி பிடிக்காத பூச்சுகள் பல சிவந்திருந்தமையால் வந்த நம்பிக்கை இது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் அடிப்பாகமோ பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறத்தது.

இனி வேலைக்கு வருவோம். குர்சுராவை 144இல் ஒரு பங்காகச் செய்தால் மாதிரி ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் நீளம் வரும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வாய் அதில் 1.4 மில்லிமீட்டராகும், நுண்ணிய துளைகருவியால் இருமுனையிலும் துளையிட்டு, இடைப்பகுதியைக் கூரிய கத்தியால் வெட்டி, சிற்றரத்தால் சீராக்கலாம். 350இல் ஒரு பங்காயின் அதே வாய் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடும். அங்கே வெட்ட முயல்வதைவிடக் கருமையால் தீட்டுவதே அறிவுடைமை.

வெட்டுவதற்கு முன் ஒன்று செய்தல் வேண்டும். பிளாஸ்டிக் உடலின் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். 144ஆல் பெருக்கினால் அது 21 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஃகுச் சுவராகிறது! உண்மையான வெளித்தகடு அதில் மிகச் சிறு பங்கே. ஆதலின் உட்புறத்தை முதலில் சுரண்டி மெலிதாக்க வேண்டும். இன்றேல் வாய்கள் கோட்டைச் சுவரின் அம்புத்துளைகளைப்போலத் தோன்றும். உட்புறத்தைக் கரியதாக்குவதும் நன்று. அடியின் வாய்களை வெட்டுமுன் இருபக்கமும் பென்சிலால் குறித்து, பக்கத்திற்குப் பக்கம் ஒத்திருக்கின்றனவா என்று வரைபடத்தோடு ஒப்பிடுக. எல்லாக் கப்பலிலும் இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று கொள்ளற்க.

பின்புறத்தில் பிழைகள் மிகுதி. இரு விசிறிகள் உள்ள கப்பல்களில் அவை பெரும்பாலும் எதிரெதிராகச் சுழலும். பின்னிருந்து நோக்க, வலப்புற விசிறி கடிகார முள் செல்லும் திசையில் சுழல்வதே பொது வழக்கம். நாமே ஒருமுறை வலத்தை இடத்தில் ஒட்டி, மாதக்கணக்கில் அறியாதிருந்தோம். இதழின் குவிந்த முகம் முன்னோக்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.

விசிறிகளின் அருகே சிறு கட்டிகள் பதிந்திருக்கும். இவை துத்தநாகம். வெண்கல விசிறியும் எஃகு உடலும் உப்புநீரில் ஒருங்கிருந்தால் மின்கலம் போன்றதொரு நிலை உண்டாகி எஃகு அரிக்கப்படும். எஃகினும் எளிதில் அரிபடும் துத்தநாகம் தான் தேய்ந்து கப்பலைக் காக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் இவற்றை வெட்டி ஒட்டலாம். அடிக்கு நிறம் பூசியபின் ஒட்டுவது முக்கியம். பூச்சு மூடிய துத்தநாகம் பயன் தராது; எனவே மெய்யான கப்பலில் அதற்கு வண்ணம் பூசுவதில்லை. அது வெறும் உலோகச் சாம்பல் நிறத்தோடே விளங்கட்டும்.

இக்கால நீர்மூழ்கிகளைச் செய்வோருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவற்றின் விசிறி வடிவம் இரகசியம். ஓசையைக் குறைக்கும் நுட்பம் அதில் அடங்கியிருப்பதால், கப்பல் நீரைவிட்டு வெளியே வரும்போது அதனைத் துணியால் மூடிவிடுகின்றனர். ஊகித்து ஒரு விசிறியைச் செய்வதைவிட, மெல்லிய தாளைப் பசைநீரில் நனைத்து அத்துணியையே செய்து போர்த்துவது மேல்.

கடைசியாக, மாதிரியை எதன்மேல் நிறுத்துவது? உலர்துறையில் கப்பல் நிற்கும் கட்டைகளைப்போலவே சிறு மரக்கட்டைகளைச் செய்து அடுக்கலாம். உலர்துறைப் பொறியாளர் கட்டைகளை மனம் போனபடி வைப்பதில்லை. அடியிலுள்ள வாய்கள் எங்கே என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து, எந்த வாயும் அடைபடாதவாறு வைக்கின்றனர். நம் மாதிரியிலும் முதலில் வாய்களைக் குறித்துக்கொண்டு, பிறகே கட்டைகளுக்கு இடம் தேடுதல் வேண்டும்.