ஆண்டறிக்கையில் ஓர் எண்: ஊதிய இடைவெளியை அறியும் வழி

கரமனைப் பகுதியில் நம் வாடிக்கையாளர்கள் பலர் சேமிப்பின் ஒரு பகுதியைப் பங்குகளில் முதலீடு செய்துள்ளனர். பங்குதாரர் என்பவர் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். அதன் தலைவருக்கும் தொழிலாளருக்கும் என்ன வழங்கப்படுகிறது என்பதை அறிய அவருக்கு உரிமையுண்டு.

அதற்கு வழிசெய்வது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை வெளியிட வேண்டும் என்கிறது அதன் 197ஆம் பிரிவு.

இடைநிலை வேறு, சராசரி வேறு. ஐவரின் மாத ஊதியம் முறையே 15,000, 20,000, 25,000, 30,000, 5,00,000 ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 1,18,000 ரூபாய். நால்வர் அதன் அருகிலும் இல்லை. வரிசையின் நடுவில் நிற்பவர் பெறும் 25,000 ரூபாயே இடைநிலை. உச்சியிலுள்ள தொகை எவ்வளவு உயர்ந்தாலும் இது மாறாது.

நம் நகரின் டெக்னோபார்க்கிலும் வளாகம் கொண்டுள்ள இன்ஃபோசிஸ் நிறுவனத்தைக் காண்போம். 2024-25ஆம் நிதியாண்டில் அதன் தலைமைச் செயல் அலுவலர் சலில் பரேக் பெற்றது 80.62 கோடி ரூபாய். இடைநிலை ஊதியத்தைப்போல் 752 மடங்கு. முந்தைய ஆண்டில் இது 677 மடங்கு. இத்தொகையில் பாதிக்கு மேற்பட்டது பங்குகளின் வழியே வந்தது. செல்வ இடைவெளி விரியும் வழியும் இதுவே: பங்கின் விலை ஏறும்போது அதை உடையவரின் செல்வம் தானே பெருகுகிறது; சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அப்பயன் கிட்டுவதில்லை.

இந்த எண் முழு உண்மையையும் கூறுவதில்லை. ஒப்பந்ததாரர் வழியாக வரும் காவலரும் துப்புரவுப் பணியாளரும் பொதுவாக இக்கணக்கில் சேர்வதில்லை. அவர்களைச் சேர்த்தால் மடங்கு மேலும் கூடும்.

அடித்தட்டு ஊதியம் எங்கும் ஒன்றாக இருப்பதுமில்லை. ரிசர்வ் வங்கி வெளியிட்ட தரவின்படி, 2022-23இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் நாட்கூலி நாட்டின் சராசரியாக 393.3 ரூபாய், கேரளத்தில் 852.5 ரூபாய். இடைவெளியைக் குறைக்க மேலிருந்து குறைப்பது மட்டுமன்றி, கீழிருந்து உயர்த்துவதும் வழியாகும் என்பதை இது காட்டுகிறது.

பங்குதாரர்கள் செய்யத்தக்கது யாது? ஆண்டறிக்கையில் இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பைப் பாருங்கள். மடங்கு எவ்வளவு, இடைநிலை ஊதியம் எத்தனை விழுக்காடு உயர்ந்தது, தலைவரின் ஊதியம் எத்தனை விழுக்காடு உயர்ந்தது என மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு நிர்வாக இயக்குநரின் ஊதியம் நிகர லாபத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டுமானால், சிறப்புத் தீர்மானத்தின் வாயிலாகப் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். மின்னணு வாக்களிப்பு அழைப்பு வரும்போது அதனைப் புறக்கணியாதீர்கள்.