ஒளியும் விழுகிறது, எவ்வளவு விழுகிறது?

"சேர், ஈர்ப்பு ஒளியை வளைக்கும்தானே? அப்ப தூரத்துக் கப்பலின்ர அடிப்பக்கம் மறையிறதும் ஒளி வளையிறதாலயா இருக்கலாம். கடல் தட்டையாவே இருக்கலாம். உருண்டை எண்டு எப்பிடிச் சொல்றது?"

சம்பூரில் தரம் 8 படிக்கும் பிள்ளை ஒருவர் கேட்ட கேள்வி இது. கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய காணொளியில் இப்படி ஒரு விளக்கம் வந்ததாம். கேள்வியின் முதற்பாதி முழு உண்மை. ஈர்ப்பு ஒளியை வளைக்கத்தான் செய்கிறது. அதனால் "அதெல்லாம் பொய்" என்று ஒரு வார்த்தையில் தட்டிவிட முடியாது. எவ்வளவு வளைகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பூரைப் போல வசதியான ஊர் கிடைப்பது அரிது.

சம்பூர்க் கரையில் வடக்குப் பார்த்து நின்றால் எதிரே விரிந்து கிடப்பது மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடா. குடாவுக்கு அப்பால் திருகோணமலை. வானம் தெளிந்த நாளில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை தெரியும். இடையில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தண்ணீர். இந்தப் பத்துக் கிலோமீற்றரைத்தான் நாம் அளவுகோலாக வைக்கப் போகிறோம்.

முதலில் ஒளி விழும் கதை. ஒரு கல்லைக் கையிலிருந்து விட்டால் முதல் ஒரு செக்கனில் 4.9 மீற்றர் விழும். பெரிய கல்லானாலும் சின்னக் கல்லானாலும், காற்றுத் தடை இல்லாவிட்டால் அதே 4.9 மீற்றர்தான். கல்லைக் கிடையாக எறிந்தாலும் முன்னே போய்க்கொண்டே அதே அளவுதான் விழும். ஒளிக்கும் இந்த விதி பொருந்தும் என்பது ஐன்ஸ்டைனின் எண்ணம். பூமிக்குப் பக்கத்தில் கிடையாகப் போகும் ஒளிக்கதிரும் ஒரு செக்கனில் 4.9 மீற்றர் என்ற கணக்கிலேயே விழ வேண்டும். ஆனால் ஒளி ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிடுகிறது. அந்த ஒரு செக்கன் முடிவதற்குள் அது பூமியை விட்டே வெகுதூரம் போயிருக்கும்.

அதனால் ஈர்ப்பு ஒளியை வளைப்பதைக் கண்ணால் பார்க்கப் பூமி போதாது. ஐன்ஸ்டைன் சூரியனைத் தேர்ந்தெடுத்தார். சூரியனின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் நட்சத்திர ஒளி ஒரு விகலைக்குச் சற்றுக் குறைவாக (திருத்திய கணக்கில் 0.87 விகலை) திரும்பும் என்று 1911இல் கணக்கிட்டார். (ஒரு பாகையை 60 கலையாகவும் ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிப்பார்கள்.) 1915இல் தன் புதிய கொள்கையை முடித்தபோது, ஒளி விழுவதோடு சூரியனைச் சுற்றியுள்ள வெளியும் வளைகிறது என்று கண்டார். விடை இரட்டிப்பாகி 1.75 விகலையானது. இது எவ்வளவு சின்னக் கோணம் தெரியுமா? சுவாமிமலையில் ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினால், சம்பூரிலிருந்து பார்க்கும்போது அந்த உள்ளங்கையின் அகலம் கண்ணில் பிடிக்கும் கோணம் அது.

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தைப் பகலில் பார்க்க முடியாது. பூரண சூரிய கிரகணம் வேண்டும். 2019 டிசெம்பர் 26ஆம் திகதி திருகோணமலையில் தெரிந்தது கங்கண கிரகணம். சந்திரனைச் சுற்றி நெருப்பு வளையம்போலச் சூரியனின் விளிம்பு மிஞ்சி நின்றது. அந்த விளிம்பின் வெளிச்சமே நட்சத்திரங்களை மறைக்கப் போதும், ஆகவே அது இந்தச் சோதனைக்கு உதவாது. அதற்கு முன்னர் 1955 ஜூன் 20 அன்று பூரண கிரகணம் ஒன்று இலங்கைக்கு மேலாகவே கடந்தது. ஆனால் அந்தப் பெரிய சோதனை அதற்கும் முன்பே, 1919 மே 29இல் நடந்துவிட்டது. ஆபிரிக்காவுக்கு மேற்கே பிரின்சிப்பே தீவில் வானியலாளர் எடிங்டனின் குழுவும், பிரேசிலின் சோப்ரல் நகரில் இன்னொரு குழுவும் இருண்ட சூரியனைச் சுற்றியிருந்த நட்சத்திரங்களைப் படமெடுத்தார்கள். நம் வானில் ரோகிணி இருக்கும் பக்கத்திலுள்ள நட்சத்திரக் கூட்டம் அது. இரவில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நட்சத்திரங்கள் இடம் பெயர்ந்திருந்தன. பிரின்சிப்பே 1.61 விகலை தந்தது, சோப்ரல் 1.98 தந்தது. இரண்டும் 0.87ஐ விட 1.75க்கே கிட்டவாக இருந்தன.

ஆக, ஈர்ப்பு ஒளியை வளைக்கிறது. இனி சம்பூருக்கு வருவோம்.

சுவாமிமலையிலிருந்து புறப்பட்ட ஒளி உங்கள் கண்ணுக்கு வர எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் 33 பங்கு. அந்த நேரத்துக்குள் அது எவ்வளவு விழும்? செக்கனின் வர்க்கத்தை 4.9 மீற்றரால் பெருக்குங்கள். விடை 5 நானோமீற்றரைச் சற்றே தாண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஐந்து கூறு எடுத்தால் வரும் நீளம் அது. உலகத்தின் எந்தப் பைனாகுலரும் அதைக் காட்டாது.

உருண்டைப் பூமியின் மேற்பரப்பு அதே பத்துக் கிலோமீற்றரில் எவ்வளவு கீழிறங்குகிறது? தூரத்தின் வர்க்கத்தைப் பூமியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். நூறை 12,742ஆல் வகுத்தால் 0.00785 கிலோமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 7.8 மீற்றர். இரண்டு மாடி வீட்டின் உயரம். 7.8 மீற்றரையும் 5.4 நானோமீற்றரையும் ஒப்பிட்டால் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 140 கோடி மடங்கு பெரியது. கப்பல் மறைவதற்கு ஈர்ப்பால் வளையும் ஒளியைக் காரணம் சொல்பவர், ஈர்ப்பின் வேலையை 140 கோடி மடங்கு பெருக்கிக் காட்ட வேண்டும்.

அளவில் தோற்றது போதாதென்று திசையிலும் இந்த விளக்கம் தோற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் கீறிப் பாருங்கள். நேரான கோடு ஒன்று போடுங்கள், அது தட்டைக் கடல். ஒரு முனையில் உங்கள் கண், மறுமுனையில் படகு. படகின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராமல் போக வேண்டும், பாய்மரத்தின் ஒளி மட்டும் வர வேண்டும். அதற்கு ஒளி எப்படி வளைய வேண்டும்? தொட்டில் சேலைபோல நடுவில் தொய்ந்து, பிறகு மேல்நோக்கித் திரும்ப வேண்டும். படகின் அடியிலிருந்து வரும் கதிர் நடுவில் தொய்யும்போது கடலில் முட்டிவிடும், உயரத்திலிருந்து வரும் கதிர் தப்பி வந்து சேரும். அதாவது ஒளி தரையை விட்டு விலகி மேலே வளைய வேண்டும்.

ஈர்ப்போ ஒளியைக் கீழே இழுக்கிறது, எறிந்த கல் போகும் பாதைபோல. தட்டைக் கடலில் ஒளி அப்படி வளைந்தால் தூரத்துப் படகு மறையாது. உயர்ந்து தெரியும். கடல் முழுவதும் ஒரு கிண்ணத்தின் உட்புறம்போல விளிம்பில் ஏறிக்கொண்டு போகும். ஈர்ப்பைத் துணைக்கு அழைத்த விளக்கத்துக்கு ஈர்ப்பே எதிர்ச்சாட்சி.

இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமான இன்னொரு வாதம் வரும். "ஈர்ப்பு என்று ஒன்றே இல்லை. தட்டைப் பூமி மேல்நோக்கி வேகம் கூட்டிக்கொண்டே போகிறது, அதனால்தான் கல் விழுகிறது" என்பார்கள். இதைச் சிரித்துத் தள்ளக்கூடாது. ஐன்ஸ்டைனே இப்படி ஒரு மூடிய அறையைக் கற்பனை செய்துதான் ஒளி வளையும் என்ற முடிவுக்கு வந்தார். அறை மேலே முடுகினால் உள்ளே ஒளியும் கல்லும் விழுவதுபோலவே தெரியும். கொட்டியாரக் குடாவின் 5 நானோமீற்றரை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆனால் முழுப் பூமியும் ஒரே தட்டாக மேலே போனால் எல்லா ஊரிலும் கல் ஒரே மாதிரி விழ வேண்டும். அப்படி விழுவதில்லை. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து ஊசல் மணிக்கூடு ஒன்றைத் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. மத்திய கோட்டுக்குக் கிட்ட ஈர்ப்பு குறைவு, ஊசல் மெதுவாக ஆடியது. இன்றைய அளவீட்டில், விழும் கல்லின் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் மத்திய கோட்டில் செக்கனுக்கு 9.78 மீற்றராலும் துருவத்தில் 9.83 மீற்றராலும் கூடுகிறது.

நம் தீவுக்குத் தெற்கே இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய ஈர்ப்புக் குறைவுப் பகுதி இந்து சமுத்திரத்தில், இலங்கைக்குத் தெற்கே கிடக்கிறது. முப்பது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. ஈர்ப்பு குறைந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து நிற்காது, ஈர்ப்புக் கூடிய பக்கத்துக்கு விலகிவிடும். அதனால் அங்கே கடல் மட்டம், பூமியின் சீரான வடிவத்துக்குக் கணக்கிட்ட மட்டத்தைவிட நூறு மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த சூடான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருள். மேலே முடுகும் தட்டில் இப்படி ஒரு பள்ளம் வர வழியே இல்லை.

சரி, ஒளியை உண்மையாகவே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைப்பது எது? காற்று. கடலுக்குக் கிட்ட உள்ள காற்று அடர்ந்தது, மேலே போகப் போக அடர்த்தி குறையும். அதனால் ஒளிமுறிவு ஏற்பட்டு, கதிர் மெல்லக் கீழ்நோக்கி வளைகிறது. சாதாரண நாளில் பூமியின் வளைவில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இப்படி வளையும். இதுவும் கீழ்நோக்கித்தான் என்பதைக் கவனியுங்கள். அடிவானத்துக்கு அப்பால் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கக் காற்று நமக்கு உதவுகிறது.

இந்த உதவிதான் ஒருவரை ஏமாற்றியது. 1838இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கால்வாயில், பூமி தட்டை என்று வாதிட்ட சாமுவேல் ரௌபோதம் தண்ணீரில் இறங்கி, நீர்மட்டத்துக்கு 20 சென்றிமீற்றர் உயரத்தில் தொலைகாட்டியைப் பிடித்தார். ஆறு மைல் தூரம் போன படகு மறையவில்லை என்றார். ஆறு மைல் என்றால் ஏறத்தாழ சம்பூரிலிருந்து சுவாமிமலை. நீர்மட்டத்தை ஒட்டிய காற்றில் ஒளி மிகவும் வளையும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 1870இல் அதே கால்வாயில் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸல் வாலஸ் அளந்தார். தொலைகாட்டியையும் தூரத்து அடையாளத்தையும் நடுவில் நட்ட கம்பத்தின் தட்டையும் நீரிலிருந்து ஒரே உயரத்தில், நாலு மீற்றரில் வைத்தார். தட்டையான நீரென்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நடுத்தட்டு ஒன்றரை மீற்றருக்கு மேல் எழும்பித் தெரிந்தது. உருண்டைக் கணக்கு 1.8 மீற்றர். குறைந்தது காற்றின் பங்கு.

நீங்களும் செய்யலாம், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தார் வீதியில் கானல் தெரிகிற மத்தியானம் வேண்டாம். கடல் சூடாகவும் காற்றுக் குளிராகவும் இருக்கும் நேரத்தில் ஒளி மேல்நோக்கியும் வளைந்து குழப்பும். அலை அடங்கிய வேளையாகப் பார்த்து, ஒரே இடத்தில் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் பாருங்கள். பைனாகுலரில் சுவாமிமலையின் அடியில் வெண்ணுரை உடையும் கோட்டைத் தேடுங்கள். கண் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தால், காற்றின் உதவியையும் சேர்த்து, மலையடியில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் மறையும். மணலில் குப்புறப் படுத்துக் கண்ணை 30 சென்றிமீற்றருக்கு இறக்கினால் மறைவது நாலு மீற்றராகும். எட்டு மீற்றர் உயரமுள்ள மாடியில் நின்றால் நுரைக்கோடு முழுவதும் தெரிய வேண்டும். பார்த்ததை அப்படியே, நாளும் நேரமும் போட்டுக் கொப்பியில் படம் கீறி வையுங்கள். கணக்குக்குப் பொருந்தாத நாள் வந்தால் அதையும் அழிக்காமல் எழுதுங்கள், அன்று காற்று என்ன செய்தது என்று தேடலாம். பவுல் முனை வெளிச்சவீட்டுப் பக்கம் போகக் கிடைத்தால், திருகோணமலை மா ஆலைக்குக் கோதுமை ஏற்றி வரும் கப்பல்களையும் பாருங்கள். கண் அதே ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தால், 25 கிலோமீற்றரில் வரும் கப்பலில் கடலோடு ஒட்டிய ஏறத்தாழ 28 மீற்றர் தெரியாது. பைனாகுலரைச் சூரியனின் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்ப வேண்டாம்.