கரையும் காவலும்: கோசி நதி புகட்டும் பாடம்

ஆற்றில் வெள்ளம் பெருகும்போது ஊரையும் வயலையும் காக்க மண்ணால் கரை எழுப்புவது பண்டைய வழக்கம். விடுதலைக்குப் பின் அது தேசியக் கொள்கையின் ஓர் அங்கமாயிற்று. 1954ஆம் ஆண்டில் வட பீகாரிலும் அஸ்ஸாமிலும் நேர்ந்த கடும் வெள்ளத்தைத் தொடர்ந்து, மத்திய அரசு தேசிய வெள்ளக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அப்போது பீகாரில் இருந்த கரைகளின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். இன்று அது 3,700 கிலோமீட்டருக்கும் மேல். ஆயினும், அன்று 25 லட்சம் ஹெக்டேராக இருந்த வெள்ள அபாயப் பரப்பு, பின்னர் 68 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. இவ்வுயர்வு முழுவதையும் கரைகளின் மீது சுமத்துதல் முறையன்று; சாலைகளும் குடியிருப்புகளும் பெருகி வடிகால்கள் அடைபட்டதும் ஒரு காரணமாகும். எனினும், கரை கட்டியதும் வெள்ளத் தடுப்புப் பணி முடிந்துவிடுவதில்லை என்பதை இப்புள்ளிவிவரங்கள் உணர்த்துகின்றன. கோசி நதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வண்டல் சுமக்கும் நதி

திபெத்திலும் நேபாளத்திலும் உற்பத்தியாகும் பல ஆறுகள் சேர்ந்து உருவாகும் கோசி, நேபாளத்தில் சத்ராவுக்கு அருகே மலையை விட்டுச் சமவெளியில் இறங்குகிறது. அங்கு சரிவு திடீரெனக் குறைவதால், அது சுமந்து வரும் மணலும் வண்டலும் படுகையில் படிந்துவிடுகின்றன. படுகை மேடாகும்போது நதி தாழ்ந்த இடம் தேடி வழி மாறுகிறது. இவ்வாறு சுமார் 250 ஆண்டுகளில் அது 120 கிலோமீட்டர் அளவு மேற்கே நகர்ந்துள்ளது.

இந்த அலைச்சலைத் தடுக்கவே 1954ஆம் ஆண்டில் நேபாளத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. 1955இல் கரைகள் கட்டும் பணி தொடங்கிற்று. எல்லையருகே 56 மதகுகளுடன் தடுப்பணையும் எழுந்தது. கரைகளுக்கு வெளியே இருந்த பரந்த நிலப்பகுதி பாதுகாப்புப் பெற்றது, பாசனமும் விரிந்தது. இந்நன்மைகளை மறுத்தற்கியலாது.

ஆனால், முன்னர் விரிந்த சமவெளியெங்கும் பரவிய வண்டல், இப்போது இரு கரைகளுக்கு இடையிலேயே படிகிறது. படுகை உயர உயர, அதே அளவு வெள்ளம் முன்னினும் உயரமாக ஓடுகிறது. கரைக்கு வெளியே பெய்யும் மழைநீரும் சிற்றாறுகளின் நீரும் நதியில் கலக்க வழியின்றித் தேங்கி, விளைநிலங்களைச் சதுப்பாக்குகின்றன.

உடைப்பு நேர்வது எவ்வாறு?

நீர் கரையை மேவி வழிவதால் மட்டுமே உடைப்பு நேர்வதில்லை. எலிகளும் நரிகளும் தோண்டிய வளைகளின் வழியாக நீர் கசிந்து மண்ணை அரிக்கலாம். நீரோட்டம் கரையின் அடிவாரத்தைக் குடையலாம். இதனைத் தடுக்கவே ஓட்டத்தைக் கரையினின்று விலக்கும் கல்திண்டுகள் ஆற்றினுள் நீட்டிக் கட்டப்படுகின்றன. கசிவு தோன்றிய இடத்தைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயர்த்தி, அதன் வேகத்தைத் தணிப்பதும் அனுபவத்தில் கண்ட முறையாகும். இவையனைத்தும் இரவு பகலாகக் கண்காணிப்போர் இருந்தால்தான் பயன் தரும்.

2008 ஆகஸ்டு 18ஆம் நாள், தடுப்பணைக்கு மேற்புறம் நேபாளத்தில் உள்ள குசஹா என்னுமிடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று நதியில் ஓடிய நீர் வினாடிக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கன அடியே. கரைகளோ ஒன்பது லட்சம் கன அடிக்கு மேல் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. கல்திண்டுகள் அம்மாதத் தொடக்கத்திலிருந்தே அரிக்கப்பட்டு வந்தன. உரிய காலத்தில் அவை சீர்செய்யப்படவில்லை. நதி தன் பழைய பாதையில் திரும்பிச் சுபௌல், மாதேபுரா, சஹர்ஸா, அராரியா, பூர்ணியா மாவட்டங்களில் புகுந்தது. முப்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் பாதிக்கப்பட்டனர். பல தலைமுறைகளாக வெள்ளத்தைக் காணாத ஊர்களில் படகும் இல்லை, மேட்டிடமும் இல்லை.

2024 செப்டம்பர் இறுதியில் தடுப்பணையைக் கடந்த நீர் வினாடிக்கு 6.61 லட்சம் கன அடியை எட்டிற்று. 1968க்குப் பின் அதுவே மிக உயர்ந்த அளவு. அப்போது தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது.

கரைகளுக்கு இடையே வாழ்வோர்

இரு கரைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் சுமார் 380 கிராமங்கள் அமைந்துள்ளன. திட்டம் உருவானபோது இம்மக்களுக்குக் கரைக்கு வெளியே வீட்டுமனைகள் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் அவர்களுடைய விளைநிலம் உள்ளேயே இருந்தது. சிலருக்கு மனை கிட்டவில்லை; கிட்டிய மனைகள் பல நீர் தேங்குமிடங்களாக இருந்தன. ஆகவே பலர் பழைய ஊருக்கே திரும்பினர். வெளியே உள்ளோரைக் காக்கும் கரை, உள்ளே உள்ளோரின் வாசலில் வெள்ளத்தை உயர்த்துகிறது.

செய்ய வேண்டுவன

கரைகளை நீக்கிவிடலாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கருத்து. அவற்றை நம்பிப் பல லட்சம் குடும்பங்கள் வாழ்கின்றன. மழைக்காலத்துக்கு முன்பே பராமரிப்புப் பணிகளை முடித்தல், மதகுகளையும் வடிகால்களையும் தூர் வாருதல், மேட்டுத் தளங்களில் பள்ளிகளையும் புகலிடங்களையும் அமைத்தல், நேபாள எல்லைக்குள் உள்ள கரைப்பகுதிக்கும் குறைவின்றிக் காவல் ஏற்பாடு செய்தல் ஆகியவை இன்றியமையாதன. ஒரு கரைத் திட்டத்தின் வரவு செலவைக் கணிக்கும்போது, காக்கப்பட்ட ஏக்கர்களை வரவில் எழுதுவது போலவே, நீர் தேங்கிய ஏக்கர்களையும், கரைகளுக்கு இடையே ஆண்டுதோறும் வீடிழக்கும் குடும்பங்களையும் செலவில் எழுதுதல் வேண்டும். அவர்களுடைய மறுவாழ்வுக்கு ஆகும் தொகை கரையின் அடக்கவிலையில் சேர்ந்ததேயாகும்.