‘நிவாரணம் வந்துச்சு... இன்ஷூரன்ஸ் ஏன் வரல?’ - சம்பா விவசாயியின் பணம் எங்கே நிற்கிறது?

டெல்டா மாவட்டங்களில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில், ஆறுகளைத் தூர்வாருவது, உரத் தட்டுப்பாடு என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் பயிர்க் காப்பீட்டுக்கு வந்துவிடும். ‘பிரீமியம் கட்டினோம், பயிர் போச்சு, பணம் வரலை. ஆனா பக்கத்து ஊருக்கு வந்திருக்கு. அது எப்படி?’ என்பதுதான் கேள்வி. நிறுவனம் ஏமாற்றுகிறது என்பார் ஒருவர், அதிகாரிகள் சரியாகக் கணக்கு எடுக்கவில்லை என்பார் இன்னொருவர். சில நேரம் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால், இந்தச் சண்டையில் விவசாயி தோற்பது பெரும்பாலும் அவர் சண்டையைத் தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே நடந்துவிடுகிறது.

எப்படி என்று புரிய, திருவாரூர் மாவட்டத்தில் 5 ஏக்கரில் சம்பா போட்ட ஒரு விவசாயியைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். இந்த நிலையில் இருப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

2023 பிப்ரவரி முதல் வாரம். அறுவடைக்கு நின்ற நெல்லின் மேல் பருவம் தவறிய மழை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என டெல்டா முழுக்கக் கதிர்கள் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. 33 சதவிகிதத்துக்கு மேல் பாதிக்கப்பட்ட நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நம் விவசாயியின் வயலும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கர் என்பது சுமார் 2 ஹெக்டேர். ஆக, 40,000 ரூபாய்.

‘கவர்மென்ட்டே பாதிப்புன்னு எழுதிடுச்சு. இனிமே இன்ஷூரன்ஸ்காரன் இல்லைன்னு சொல்ல முடியுமா?’ என்று அவர் நினைப்பது நியாயம்தானே? ஆனால், இன்ஷூரன்ஸில் பூஜ்யம் என்று வந்தால், அதுவும் விதிப்படி சரியாகவே இருக்கலாம்.

ஒரே வயல், இரண்டு அளவுகோல்

நிவாரணத்துக்கு அதிகாரிகள் பார்ப்பது உங்கள் வயலை. இன்ஷூரன்ஸ் பார்ப்பது உங்கள் ஊரை.

பைக்குக்கு இன்ஷூரன்ஸ் போட்டால், அடிபட்ட நம் பைக்குக்குப் பணம் கிடைக்கும். தெருவில் இருக்கும் எல்லா பைக்குகளின் சராசரி சேதத்தை யாரும் பார்ப்பதில்லை. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அப்படியல்ல. நெல்லைப் பொறுத்தவரை இங்கே காப்பீடு செய்யப்படுவது வருவாய் கிராமம். அந்தக் கிராமத்தின் சராசரி மகசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், இன்ஷூரன்ஸ் கட்டிய அனைவருக்கும் பணம் உண்டு, நன்றாக விளைந்தவருக்கும் சேர்த்து. போகாவிட்டால், மொத்த வயலும் அழுகிப்போனவருக்குக்கூடக் கிடையாது.

அந்த அளவுக்குப் பெயர் ‘உத்தரவாத மகசூல்’. கடந்த 7 ஆண்டுகளில் சிறப்பாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவிகிதம் என அறிவிக்கையில் சொன்ன விகிதத்தைக் கணக்கிடுவார்கள். உதாரணமாக, ஊரின் சராசரி ஏக்கருக்கு 2,500 கிலோ, விகிதம் 80 சதவிகிதம் என்றால் உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. அதாவது, முதல் 500 கிலோ நஷ்டம் உங்களுடையது. அதற்குக் கீழே இறங்கினால்தான் கணக்கே தொடங்கும்.

அந்த ஆண்டின் மகசூல் 1,900 கிலோ என்று வந்தால், குறைவு 100 கிலோ. 2,000-ல் 5 சதவிகிதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்தால், கிடைப்பது 1,800 ரூபாய். அதே மகசூல் 2,010 கிலோ என்று வந்தால் ஒரு ரூபாய்கூட வராது. பக்கத்து ஊருக்கு வந்ததும் நம் ஊருக்கு வராததும் பல நேரங்களில் இப்படித்தான். நடுவே ஒரு வாய்க்கால்தான் ஓடும். ஆனால், கணக்கில் அவை இரண்டு தனித்தனி ஊர்கள்.

இரண்டரை சென்ட்டில் ஓர் ஊர்

சரி, ஊரின் மகசூலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சண்டையின் மையமே இங்கேதான் இருக்கிறது.

‘பயிர் அறுவடைப் பரிசோதனை’ என்று பெயர். சர்வே எண்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அந்த வயலில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடைபோடுவார்கள். ஈரத்துக்கு உரிய கழிவும் கணக்கில் வரும். முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது 4 பரிசோதனைகள் நடக்க வேண்டும்.

ஒரு சதுரம் 25 சதுர மீட்டர். நான்கு சேர்ந்தால் 100 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஊரில் 500 ஏக்கர் நெல் இருந்தாலும், 800 ஏக்கர் இருந்தாலும், அதன் கதையை இந்த இரண்டரை சென்ட்தான் சொல்லும்.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 2,000 கிலோ என்றால், அந்த 25 சதுர மீட்டரில் கிடைக்க வேண்டியது சுமார் 12.4 கிலோ. 1,900 கிலோ என்றால் 11.7 கிலோ. வித்தியாசம் 600 கிராம் சொச்சம். மேலே பார்த்த உதாரணத்தில், ஏக்கருக்கு 1,800 ரூபாயா, பூஜ்யமா என்பதை முடிவு செய்வது இந்த 600 கிராம் நெல். மேட்டு வயல் குலுக்கலில் விழுந்தால் ஒரு எண், பள்ளக்கால் விழுந்தால் வேறொரு எண்.

புள்ளியியல் தெரிந்தவர்கள், குலுக்கல் முறை நேர்மையாக நடந்தால் இது ஏற்கத்தக்க முறைதான் என்பார்கள். மறுப்பதற்கில்லை. பெரிய பரப்புக்கு இது பொருந்தும். ஆனால், ஒரே ஊருக்குள் மேடும் பள்ளமுமாக இருக்கும் டெல்டாவில், 4 சதுரங்கள் எவ்வளவு தாங்கும் என்று ஒரு விவசாயி கேட்டால் அது அறியாமை ஆகாது. இதில் ஒரு திருத்தமாக, 2023 காரீஃப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் போன்ற தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவிகித இடம் தரும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தது.

தொழில்நுட்பம் வந்தாலும் எடைதான் கணக்கு. கதிர் சாய்ந்து முளைவிட்ட நெல், நிறம் மாறிய நெல் எல்லாம் தராசில் எடை காட்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதத்துக்கு மேல் போனால் வாங்கத் தயங்குவார்கள் (தளர்வு அறிவித்தால்தான் உண்டு). அந்த நஷ்டம் மகசூல் கணக்கில் ஏறவே ஏறாது.

தண்ணீர் மட்டும் விலக்கு!

‘தனி வயலுக்கு இன்ஷூரன்ஸே கிடையாதா?’ என்று கேட்கலாம். உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடிக்கும் தீ போன்றவற்றுக்கு அந்தந்த வயலையே பார்த்து இழப்பீடு தர விதி இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். வயல் மூழ்குவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் 2018-ல், நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். தண்ணீரிலேயே நிற்கும் பயிர். எது வெள்ளம், எது சாகுபடி என்று பிரிப்பது கடினம் என்ற வாதம். மலைச்சரிவே இல்லாத டெல்டாவில் நிலச்சரிவுக்குத் தனி இழப்பீடு உண்டு. ஆண்டு தவறாமல் வருகிற வெள்ளத்துக்குக் கிடையாது.

அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அறுத்து வயலில் காயப்போட்ட பயிர், 14 நாள்களுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால் தனி வயலாகக் கணக்கிடுவார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால், டெல்டாவில் இப்போது அரிவாளால் அறுத்துக் கட்டுக் கட்டிப் போடுகிறவர் எத்தனை பேர்? மெஷின் இறங்கினால் அன்றைக்கே நெல் டிராக்டரில் ஏறிவிடும். பிறகு அது கொள்முதல் நிலைய வாசலில் குவியலாக நனையும். அந்தக் குவியல் ‘வயலில் காயும் பயிர்’ ஆகாது.

வயலில் நிற்காத ஒருவர்

பரிசோதனையின் எண் சரியில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை? காப்பீட்டு நிறுவனம் தன் ஆளை அனுப்பி உடனிருந்து பார்க்கலாம். எண்களில் சந்தேகம் என்றால் மாநில அரசிடம் ஆட்சேபம் எழுப்பலாம். தொழில்நுட்ப ஆலோசனைக் குழு வரை கொண்டுபோகலாம். விதியே அதற்கு வழி வைத்திருக்கிறது. விவசாயிக்கு அப்படி ஒரு நாற்காலி இல்லை. தேர்வான அந்த நான்கு வயல்களின் சொந்தக்காரர்களுக்குத்தான் அறுப்பு நாள் தெரியும். ஊரின் மற்றவர்களுக்கு அந்த எண் தெரிய வருவது, பணம் வரவில்லை என்ற பிறகு. அப்போது வயலில் அடுத்த பயிரே நின்றுகொண்டிருக்கும். எதை அளந்து காட்டுவது?

என் கருத்தைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். அறுப்புத் தேதியையும், அன்றைய எடையையும் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டினாலே பாதிப் புகார்கள் குறைந்துவிடும்; மீதிப் பாதி, உருப்படியான புகார்களாக மாறும்.

இப்போதைக்குக் கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம். ‘இன்ன வருவாய் கிராமத்தில், இன்ன பருவத்தில் நடந்த பரிசோதனைகளின் சர்வே எண்கள், தேதி, ஒவ்வொன்றின் எடை, உத்தரவாத மகசூல்’ என்று பிரித்துக் கேட்க வேண்டும். 30 நாள்களில் பதில் தர வேண்டும். ‘எனக்கு ஏன் பணம் வரவில்லை?’ என்று கேட்டால் ‘விதிகளின்படி’ என்று ஒரு வரிதான் வரும்.

ரசீதில் ஒளிந்திருக்கும் தவறு

மகசூல் சண்டையைவிட ஜெயிக்க எளிதான இன்னொரு சண்டை உண்டு. ஊருக்கே பணம் வந்து, உங்களுக்கு மட்டும் வராமல் போவது. அங்கே பிரச்னை பெரும்பாலும் பதிவில் இருக்கும்.

சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம், ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய். நவம்பர் 15 கெடு நெருங்கும்போது கூட்டுறவு சொசைட்டியிலும் இ-சேவை மையத்திலும் கூட்டம் அலைமோதும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் வருவாய் கிராமத்தின் பெயர் மாறும், உட்பிரிவு எண் விடுபடும், பரப்பு குறையும். ரசீதை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துவிட்டு வந்துவிடுவோம். அன்றைக்கே அங்கேயே நின்று, ரசீதிலுள்ள கிராமம், சர்வே எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் ஐந்தையும் அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்க்க 5 நிமிடம் போதும்.

பிரீமியம் பிடித்தும் வங்கி போர்ட்டலில் ஏற்றவில்லை, தவறாக ஏற்றிவிட்டது என்றால், அந்த இழப்பீட்டுக்கு வங்கிதான் பொறுப்பு என்கின்றன திட்ட வழிகாட்டு நெறிமுறைகள். இது பலருக்குத் தெரிவதில்லை. மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்துபூர்வமாகக் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். 14447 என்ற ஹெல்ப்லைனில் பதிவு செய்து புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். அங்கும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். இன்ஷூரன்ஸ், வங்கி இரண்டுமே சட்டப்படி ‘சேவை’தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்னை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ‘இந்த மாசம் வந்துடும்’ என்ற வாய்மொழிச் சமாதானத்திலேயே அந்த 2 ஆண்டுகள் கரைந்துவிடும்.

தாமதத்துக்கும் விதி இருக்கிறது. கெடு தாண்டினால் நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவிகித வட்டி சேர்த்துத் தர வேண்டும். நடைமுறையில், மாநில அரசின் பிரீமியப் பங்கு வந்து சேரும் வரை பணம் நகர்வதில்லை. 2020-க்குப் பிறகு பாசனப் பகுதிகளில் 25 சதவிகித பிரீமியம் வரைதான் தன் பங்கைத் தருவேன் என்று மத்திய அரசு வரம்பு வைத்ததால், மாநிலங்களின் சுமை கூடியது. மூன்று பேருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் முடியும் வரை காத்திருப்பது என்னவோ விவசாயிதான்.

2026-ல் என்ன மாறுகிறது?

2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், நெல் வயல் மூழ்குவதை மீண்டும் தனி வயல் இழப்பாகச் சேர்ப்பதாக அறிவித்தது. 2026 காரீஃப் பருவம் முதல் அமல். காட்டு விலங்குகளால் ஏற்படும் சேதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 7 ஆண்டுகளுக்குப் பிறகு டெல்டா விவசாயி ‘என் வயலைப் பார்’ என்று சொல்ல ஒரு வழி திறந்திருக்கிறது. இழப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், இருப்பிடம் பதிவாகும் போட்டோவோடு செயலியில் பதிவேற்ற வேண்டும்.

மழை கொட்டுகிற, கரன்ட் இல்லாத, டவர் கிடைக்காத மூன்று நாள்களும் அந்த 72 மணி நேரத்துக்குள்தான் வரும். வீட்டில் சார்ஜ் உள்ள போன் யாரிடம் இருக்கிறது, செயலியை இறக்கி வைத்திருப்பது யார் என்பதை ஐப்பசிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது வீட்டு வேலைதான்.

கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களுக்கு வேலை இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. பட்டா அவர்கள் பெயரில் இருக்காது. சாகுபடி செய்பவர் என்று அடங்கலில் பெயர் ஏறினால்தான் பிரீமியமே கட்ட முடியும். விதைத்த கையோடு வி.ஏ.ஓ-வைப் பார்த்து அதை எழுதி வாங்க வேண்டும்.