ஒழுகாத கூரையின் கணக்கு

சின்னமனூருக்குப் பக்கத்தில், சுரபி நதிக்கரையில் இருக்கிறது குச்சனூர். சனிக்கிழமை என்றால் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. ஆடிச் சனிக்கிழமை என்றால் பஸ்ஸே கிடைக்காது. சுயம்பு சனீஸ்வரரைப் பார்க்க வரும் கூட்டம் எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. கோயிலின் தலபுராணத்தில் கூரையைப் பற்றி ஒரு சேதி இருப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தினகரன் என்ற அரசன் சனியின் பிடியில் சிக்கித் தவித்தபோது, அவனுடைய வளர்ப்பு மகன் சந்திரவதனன் சுரபிக் கரையில் சனீஸ்வரரை வழிபட்டு, அந்த இடத்தில் கோயில் எழுப்பினான். கல்லுக்கும் சுதைக்கும் போகவில்லை; குச்சுப்புல்லால் கூரை வேய்ந்தான். செண்பகநல்லூராக இருந்த ஊர் குச்சனூர் ஆனது அதனால்தான் என்கிறது புராணம்.

புராணம் கிடக்கட்டும். புல்லை வைத்து எப்படி மழையைத் தடுத்தான் என்பதுதான் இங்கே விஷயம். புல் தண்ணீரை உறிஞ்சும். தென்னை ஓலையும் உறிஞ்சும். சுட்ட மண் ஓட்டிலும் ஈரம் ஊறும். இவற்றில் எதுவும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போலத் தண்ணீரை அறவே மறுக்கிற பொருள் இல்லை. ஆனாலும் ஒழுங்காக வேய்ந்த கூரை ஒழுகுவதில்லை. காரணம் பொருளில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. மேலே இருப்பது கீழே இருப்பதன் தலையை மூட வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்க நேரம் கிடைப்பதற்குள் வழிந்து ஓட வாட்டம் இருக்க வேண்டும். மழை விட்டதும் காற்று பட்டு உலர வேண்டும். உலகத்தில் சின்னச் சின்னத் துண்டுகளால் போட்ட கூரை எல்லாமே இந்த மூன்றில்தான் நிற்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் அந்தத் துண்டு ஒரு மரச்சில்லு. 'வெஸ்டர்ன் ரெட் சீடர்' என்ற மரத்தை மெல்லிய பலகைகளாக அறுத்து, கூரைக்கும் சுவருக்கும் அடிக்கிறார்கள். அறுத்தெடுத்தால் 'ஷிங்கிள்', கோடரியால் பிளந்தெடுத்தால் 'ஷேக்'. இந்த மரத்துக்குள் துஜாப்ளிசின் என்ற ரசாயனம் இயற்கையாகவே இருக்கிறது. பூஞ்சை எளிதில் அண்டாது, மரம் சீக்கிரம் உளுத்துப்போகாது.

வேலை நடக்கும் விதம் நம் ஊர்க் கூரைக்காரர்களுக்குப் புரியாத ஒன்றல்ல. கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போக வேண்டும். முதல் வரிசையை மட்டும் இரட்டையாக அடிக்க வேண்டும். 16 அங்குல நீளமுள்ள சில்லில் வெளியே தெரிவது 5 அங்குலம்தான். மீதி 11 அங்குலம் மேல் வரிசைகளுக்கு அடியில் மறைந்து கிடக்கும். கூரையில் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அதற்குக் கீழே மூன்று சில்லு இருக்கும் என்பது கணக்கு. பக்கத்துச் சில்லோடு ஒட்டி அடிக்கக் கூடாது. கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் மழையில் மரம் உப்பும். இடைவெளி இல்லாவிட்டால் சில்லுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளைந்துவிடும். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இடைவெளி வந்துவிடக் கூடாது. குறைந்தது ஒன்றரை அங்குலம் தள்ளி வர வேண்டும்.

ஆணி விஷயத்தில் இன்னும் கறார். சில்லு எவ்வளவு அகலமாக இருந்தாலும் இரண்டே ஆணி. விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, மேல் வரிசை வந்து மூடுகிற இடத்தில் அடிக்க வேண்டும். வெயிலும் மழையும் ஆணித் தலையைப் பார்க்கவே கூடாது. ஆணி மரத்தோடு சமமாக உட்கார வேண்டும். சுத்தியலை ஓங்கிப் போட்டு மரத்துக்குள் இறக்கினால் நார் நசுங்கி, அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். சாதா இரும்பு ஆணியும் உதவாது. மரத்தின் சாறு பட்டுத் துருப்பிடித்து, கூரை முழுக்கக் கறுப்புக் கோடு இறங்கும். துத்தநாகம் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும். சுவரில் அடிக்கும்போது கணக்கு கொஞ்சம் தளரும். செங்குத்தான சுவரில் தண்ணீர் தங்காது என்பதால் இரண்டு அடுக்கு போதும். 7 அங்குலம் வரை வெளியே தெரியலாம்.

இது ஏதோ குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். இமாசலப் பிரதேசத்தின் மணாலியில், 1553-இல் கட்டப்பட்ட ஹிடிம்பா தேவி கோயிலின் கீழ் மூன்று கூரைகளும் மரப்பலகை வேய்ந்தவை. சுற்றிலும் நிற்பது தேவதாரு. அசல் சீடர் இனம் அதுதான். கனடாவின் 'சீடர்' தாவரவியல்படி வேறு குடும்பம். நார்வேயில் போர்குண்ட் என்ற இடத்தில் சுமார் 1200-ஆம் ஆண்டு எழுந்த மரத் தேவாலயம், தார் பூசிய மரச்சில்லுக் கூரையோடு இன்னும் நிற்கிறது. சில்லுகளை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள், முறையை மாற்றவில்லை.

தமிழ்நாட்டில் இந்த முறையின் உச்சம் சிதம்பரம். நடராஜர் ஆடும் சிற்றம்பலம் அடிப்படையில் மரக் கட்டுமானம். அதன் மேல் வரிசை வரிசையாகப் பொன் ஓடுகள். அவை 21,600 என்பது கோயில் மரபு. மனிதன் நிமிடத்துக்கு 15 மூச்சு விட்டால் ஒரு நாளைக்கு 21,600 வரும். அடித்திருக்கும் ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகள் என்கிறார்கள். தத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூரைக் கொத்தனார் கண்ணால் பார்த்தால் ஓட்டுக்கு மூன்றுக்கு மேல் ஆணி! இந்த அம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததைத்தான் 10-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனின் பெரும்புகழாகச் சொன்னார்கள். நாடு பிடித்த அரசனுக்குக் கூரை வேய்ந்ததால் ஒரு பெயர்!

அதற்கும் முன்பே இந்த வித்தை இங்கே இருந்ததற்குச் சாட்சி வைகைக் கரையில் கிடைத்திருக்கிறது. குச்சனூர் இருக்கிற கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீர் வைகையில் கலந்து, மதுரையைக் கடந்து, கீழடிப் பக்கமாக ஓடுகிறது. கீழடி அகழாய்வில் வந்த கூரை ஓடுகளின் முதுகில் ஈர மண்ணில் விரலால் இழுத்த பள்ளங்கள் இருக்கின்றன. மழைநீர் அந்தக் கோடுகள் வழியே நேராக இறங்கும். ஓட்டின் மேல் முனையில் இரண்டு துளைகள், மரச்சட்டத்தோடு பிணைக்க. கூடவே இரும்பு ஆணிகளும் கிடைத்தன. மேல் முனையில் மட்டும் பிடிப்பு, அதையும் அடுத்த வரிசை மூடிக்கொள்ளும், கீழ் முனை சும்மா படுத்திருக்கும். வான்கூவரில் இன்றைக்கு மரச்சில்லு அடிக்கிற தச்சரிடம் அந்த ஓட்டைக் கொடுத்தால், எது மேல் பக்கம் என்று கேட்கவே மாட்டார்.

குச்சனூர் வட்டாரத்தில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று கூரைகள் நினைவிருக்கும்: கிடுகு, நாட்டு ஓடு, சீமை ஓடு.

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்து, வயலும் தோப்புமாகப் பள்ளத்தாக்கு செழித்தது. தோப்பு உள்ள ஊரில் கிடுகுக்குப் பஞ்சமில்லை. மட்டையை நடுவில் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பெண்கள் உட்கார்ந்து முடைவார்கள். வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகடு வரை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போவார். ஓலைக்கு வாட்டம் நன்றாகச் செங்குத்தாக வேண்டும். படுத்த கூரையில் கிடுகு போட்டால் முதல் மழையிலேயே உள்ளே பாத்திரம் வைக்க வேண்டியதுதான். மண் சுவரில் சாரல் அடிக்கிற பக்கம் ஓலைத் தட்டி கட்டி விடுவார்கள். மரச்சில்லுச் சுவர் செய்கிற வேலையை அந்தத் தட்டி செய்தது. ஒன்றிரண்டு வருஷத்தில் கூரையை மாற்றியாக வேண்டும் என்பதும், அடுப்புப் பொறி ஒன்று போதும் என்பதும் இதன் வினை.

நாட்டு ஓடு குயவரின் சக்கரத்தில் பிறப்பது. ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் ஒடுங்கிய குழாயாக வனைந்து, சுடுவதற்கு முன்பு நெடுக்காகக் கீறி வைப்பார்கள். இரண்டாகப் பிரித்தால் இரண்டு ஓடு. ஒரு வரிசை மல்லாந்து கிடக்கும், இரண்டு மல்லாந்த வரிசையின் இடுக்கை ஒரு கவிழ்ந்த வரிசை மூடும். ஆணியும் கிடையாது, கயிறும் கிடையாது. பூனை ஓடினால் நகரும், குரங்கு குதித்தால் உடையும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஓட்டைப் பிரித்து மேய வேண்டும். அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கைமரத்தின் மேல் மட்டும் கால் வைத்து நடந்து, உடைந்ததை உருவி, நல்லதைச் செருகி, அரை நாளில் ஒரு வீட்டை முடித்துவிடுவார்கள்.

சீமை ஓட்டின் சீமை உண்மையில் மங்களூர்தான். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் கொக்கியாக உட்காரும்படி அச்சில் வார்த்த ஓடு. அதனால் அடுக்கு குறைவு, பாரம் குறைவு. அடிப்பக்கம் ரீப்பரில் மாட்டிக்கொள்ள ஒரு மூக்கு, அந்த மூக்கில் கம்பி கட்ட ஒரு துளை. அம்மியும் பறக்கும் என்கிற ஆடிக்காற்றைக் கணவாய் வழியே வாங்கிக்கொள்கிற இந்தப் பள்ளத்தாக்கில், அந்தத் துளை அலங்காரத்துக்கு இல்லை. இறவாரத்து வரிசையையும் ஓரத்து வரிசையையும் கம்பி போட்டுக் கட்டாத வீடுகள்தான் ஆடியில் மாட்டிக்கொள்ளும். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, விளிம்பில் புகுந்து அடியிலிருந்து தூக்குகிறது.

கிடுகுக் கூரை போனதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளிகளில் அந்தக் கூரைக்கு இடமில்லாமல் போனது. குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 2010-இல் வந்தது கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. அமெரிக்காவிலும் கதை இதேதான்: 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைத் தீயில் 25 பேர் இறந்தார்கள், வீட்டுக்கு வீடு தீயைக் கடத்தியதில் மரச்சில்லுக் கூரைகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. தீத்தடுப்பு மருந்து ஏற்றாத மரச்சில்லுக்கு அங்கே கெடுபிடி கூடியது அப்படித்தான்.

ஆனால் ஓலையோடு சேர்த்து வாட்டத்தையும் அடுக்கையும் உலர்வையும் தூக்கிப் போட்டதில்தான் நஷ்டம். தட்டையான கான்கிரீட் தளத்தில் தண்ணீர் தேங்குகிறது, தேங்கினால் கசிகிறது, கசிந்தால் மேலே ஒரு தகரக் கொட்டகை ஏறுகிறது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஓட்டு வீட்டின் அருமை தெரியும். ஓடுகளின் இடுக்கில் சூடு வெளியேறும், தகரத்தில் வழியில்லை.

இதற்கிடையில் மலைமேல் வேறொரு காட்சி. கொடைக்கானல், மூணாறு, மேகமலைப் பக்கங்களில் எழுகிற தங்கும் விடுதிகளுக்கு 'ஷிங்கிள்ஸ்' மோகம் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது சீடர் அல்ல. மரச்சில்லு போல வெட்டிய தார் அட்டை. சரிவான கான்கிரீட்டிலோ சிமென்ட் பலகையிலோ ஒட்டி ஆணி அடிக்கிறார்கள். அசல் சீடர் கேட்கிறவர்களும் உண்டு. கேட்கிறவர்கள் யோசிக்க வேண்டியது விலையை மட்டுமல்ல. மூடுபனி ஊரில் மரச்சில்லின் அடியில் காற்று போக வழி வேண்டும். பலகையை நெருக்கி அடித்து அதன் மேல் ஒட்டிவிட்டால் பாசி மேலேயும் பூஞ்சை கீழேயுமாக அரிக்கும். ரீப்பர்களுக்கு இடையே இடம் விட்டு அடிப்பது நம் ஓட்டுக் கூரையின் பழக்கம். ஈரமான ஊர்களில் மரச்சில்லுக்கும் அதுவே நல்லது. பள்ளத்தாக்கில் இறங்கினால் கரையான் ஒரு தனிப் பிரச்சினை.

இன்னொரு சரக்கும் இப்போது மலை ஏறுகிறது. கீழே இடிக்கிற பழைய வீடுகளின் சீமை ஓடுகளைக் கழுவி, அடுக்கி, விடுதிகளுக்கு விற்கிறார்கள். மரக் கைமரத்துக்குப் பதில் இரும்புக் குழாய், தச்சருக்குப் பதில் வெல்டிங் பட்டறைக்காரர். பாதிக் கூரைகள் ஒழுகுவது ஓடு பழசு என்பதால் இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் நீளம் கொஞ்சம் மாறும்; நாலு வீட்டு ஓட்டைக் கலந்து, ஒரே அளவில் குழாயை வெல்டிங் அடித்துவிட்டால் மூக்கு மாட்டாது, பள்ளத்தில் விளிம்பு உட்காராது. மரத்தில் என்றால் ரீப்பரைப் பெயர்த்து நகர்த்தலாம், வெல்டிங்கில் முடியாது. ஒரே முத்திரை உள்ள ஓடுகளாகப் பிரித்தெடுத்து, தரையில் மூன்று வரிசை மாட்டிப் பார்த்து, மூக்குக்கு மூக்கு அளந்த பிறகுதான் முதல் குழாயைப் பற்ற வைக்க வேண்டும்.